காட்சியை நீட்டி இணைத்தல்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மிற் பெரும்பாலோர்க்கு வாழ்க்கை இரண்டு இடங்களில் நடைபெறுகிறது. அலுவலும், பிள்ளைகளின் பள்ளியும், வாடகை வீடும் டெல்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ இருக்கின்றன. பெற்றோரும், பூர்விக வீடும், குலதெய்வத்தின் கோயிலும் ஊரில் இருக்கின்றன. ஆகவே நம் குடும்பத்து நிகழ்ச்சி எதுவாயினும், அதனைப் படமாக்க முற்படும்போது இரண்டு இடத்துக் காட்சிகள் நம் கைக்கு வந்து சேருகின்றன. பேரனின் முதற் பிறந்தநாள் இங்கே. அதனைக் கைப்பேசியிற் கண்டு மகிழும் பாட்டியின் முகம் அங்கே. இவற்றைக் கோத்து ஒரு படமாக்கும் வேலையை முன்பெல்லாம் ஸ்டூடியோக்காரரிடம் ஒப்படைத்தோம். இப்பொழுது வீட்டுக் கணினியிலோ கைப்பேசியிலோ நாமே செய்துகொள்கிறோம்.

இவ்வாறு கோக்கும்பொழுது ஒரு துணுக்கின் முடிவும் அடுத்த துணுக்கின் தொடக்கமும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பை அமைப்பதற்குத் தொகுப்பு மென்பொருள்கள் பற்பல வழிகளை வைத்திருக்கின்றன. அவற்றை டிரான்ஸிஷன் என்பர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டவன் ஆதலால் இச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடினேன். 'நிலைமாற்றம்' என்றால் அலுவலகக் கோப்பின் வாடை வீசுகிறது. 'இடைமாற்றம்' என்பது ஒருவாறு பொருந்தும். இடைமாற்றங்களுள் ஒன்றாகிய நீட்டல் வகையைப் பற்றியே இங்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். புதிய காட்சி திரையின் ஓர் ஓரத்தில் மெல்லிய கோடாகத் தோன்றி, ரப்பரைப் போல் விரிந்துகொண்டே வந்து, பழைய காட்சியை எதிர் ஓரத்திற்குத் தள்ளிச் சுருக்கி, முடிவில் திரை முழுவதையும் தனதாக்கிக்கொள்வதே நீட்டல் இடைமாற்றம். பார்ப்பதற்கு விந்தையாகவே இருக்கும். எனினும் அதன் இயல்பு அறியாமற் கையாண்டால் என்ன நேரும் என்பதை நான் என் தாயாரிடமிருந்து கற்றுக்கொண்டேன். அதனை முதலிற் கூறிவிடுகிறேன்.

என் தந்தையார் காலமாகி ஓராண்டு நிறைந்தபோது, அவருடைய நிழற்படங்களைத் தொகுத்து உறவினர்க்குக் காட்ட எண்ணினேன். பழைய கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் முதல் கடைசித் தீபாவளியன்று திண்ணையில் எடுத்த படம் வரையில் 41 படங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் 5 நொடி ஒதுக்கினேன். படங்களை எல்லாம் தேர்ந்து, ஒரே கட்டளையில் அனைத்து இணைப்புகளுக்கும் ஒரே இடைமாற்றத்தைப் பூட்டிவிடும் வசதி மென்பொருளில் இருந்தது. நீட்டலைத் தேர்ந்து 2 நொடி என்று குறித்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

மாயவரத்திற்கு அருகில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், நினைவு நாளன்று, சாப்பாடு முடிந்த பிறகு படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடவிட்டேன். பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்தனர். அம்மா நாற்காலியில் அமர்ந்து பேசாமற் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் படங்கள் சென்றிருக்கும். "ஏம்ப்பா, அப்பா முகத்தை ஏன் இப்படி நசுக்கி நசுக்கி எடுக்கறே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமற் கேட்டார். அதற்கு விடையாக என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

டெல்லிக்குத் திரும்பிய பின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 41 படங்களுக்கு 205 நொடி. அவற்றிடையே இணைப்புகள் 40. ஒவ்வொன்றுக்கும் 2 நொடியாக 80 நொடி. அதாவது அந்தப் படத்தின் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் என் தந்தையாரின் முகம் அகன்றோ ஒடுங்கியோ தன் உருவில் இல்லாமல் இருந்திருக்கிறது. அவர் அவராகவே தோன்றிய நேரம் ஒரு படத்திற்கு ஏறத்தாழ 3 நொடிதான். கண் மங்கிய வயதில், ஒரு முகத்தை நிதானமாகப் பார்த்து, அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவருவதற்கு 3 நொடி போதுமா?

அதன் பிறகே இந்த இணைப்புக் கலையைப் பற்றிச் சற்றுப் பொறுமையாகக் கற்கலானேன். கற்கக் கற்க, பள்ளியிற் படித்த நன்னூற் புணர்ச்சி விதிகளே நினைவுக்கு வந்தன. நிலைமொழி, வருமொழி என்று நாம் படித்திருக்கிறோம். நிற்கும் சொல் ஒன்று; வந்து சேரும் சொல் ஒன்று. இரண்டும் கூடும்போது மாறுதல் ஒன்றும் நேராவிட்டால் அது இயல்பு புணர்ச்சி. பொன்னும் மலையும் கூடிப் பொன்மலை ஆவதைப் போல. மாறுதல் நேர்ந்தால் அது விகாரம். அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். வாழையும் பழமும் கூடும்போது இடையில் ஓர் ஒற்றுத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் கூடிப் பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்துத் திரிகிறது. மரமும் வேரும் கூடி மரவேர் ஆகும்போது ஓர் எழுத்துக் கெடுகிறது.

படத்துணுக்குகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஒன்று முடிந்தவுடன் மற்றொன்று தொடங்கினால் அது வெறும் வெட்டு. படத்தொழிலில் இருப்போர் 'கட்' என்பர். இதனை இயல்பு புணர்ச்சி எனலாம். காட்சி இருண்டு, இருளிலிருந்து அடுத்த காட்சி எழுந்தால், இடையில் இருள் தோன்றுகிறது. ஒன்று கரைந்து மற்றொன்றாக உருப்பெறும் 'டிசால்வ்' திரிதலைச் சேர்ந்தது. நீட்டலும் திரிதலே. ஆனால் டிசால்வில் திரிவது ஒளி; நீட்டலில் திரிவது உருவம். உருவத்தைத் தொடுவதால்தான் நீட்டலுக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. பொற்குடத்திற் பொன்னின் கடைசி எழுத்து மட்டுமே மாறியது. பொன் பொன்னாகவே இருக்கிறது. இணைப்பின் விகாரம் எல்லையோடு நிற்கவேண்டும்; உடலுக்குள் புகுதல் ஆகாது. நான் செய்த பிழை, விகாரத்தை உடலுக்குள் புகவிட்டதே.

இலக்கணத்தில் நீட்டலுக்கு நேரான பெயரே இருக்கிறது, அஃது அளபெடை. செய்யுளில் ஓசை குறையும் இடத்தை நிறைக்கவோ, இனிமைக்காகவோ, ஒரு சொல்லின் பொருள்நிலையை மாற்றவோ எழுத்து தன் அளவின் நீண்டு ஒலிக்கும். தெருவிற் கீரை விற்கும் பெண்மணி 'கீரை' என்னும் சொல்லின் ஈற்றை நீட்டுகிறாள்; தெருக்கோடி வீட்டிலும் கேட்கவேண்டும் என்பது அவள் கருத்து. எல்லாச் சொல்லையும் அவள் நீட்டுவதில்லை. விலையைச் சொல்லும்போது நறுக்கென்றே சொல்கிறாள். நீட்டலுக்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் என்பதும், எங்கும் நீட்டினால் அது நீட்டலாகவே தோன்றாது என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

திரைப்படம் வளர்ந்த வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. பிரான்சு நாட்டு ஜார்ஜ் மெலியே 1899ஆம் ஆண்டிலேயே தம் 'சிண்டரெல்லா' படத்தில் ஒரு காட்சியைக் கரைத்து மற்றொன்றாக்கிக் காட்டினார். அக்காலத்தில் இதனைக் காமிராவிலேயே செய்யவேண்டியிருந்தது. ஒளி புகும் துளையை மெல்ல மூடி, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் துளையை மெல்லத் திறந்து, அதே பிலிமின்மேல் அடுத்த காட்சியைப் பதிவார்கள். பிறகு, எடுத்த பிலிமை இன்னொரு பிலிமில் மறுபடியும் பதியும் பொறிகள் வந்தன. 1933இல் ஹாலிவுட்டில் வெளியான 'பிளையிங் டவுன் டு ரியோ' படத்தில், ஒரு காட்சி மற்றொன்றைத் துடைத்துத் தள்ளும் 'வைப்' என்னும் முறை பலவித வடிவங்களில் இடம்பெற்றது. ஜப்பானியர் அகிரா குரொசாவா 1954இல் எடுத்த 'ஏழு சாமுராய்' படத்திலும் அந்தத் துடைப்பைக் காணலாம். துடைப்பில் எந்தக் காட்சியின் உருவமும் சிதைவதில்லை. ஒரு திரை விலகுவதைப் போல எல்லைக்கோடு மட்டுமே நகர்கிறது.

படத்தின் அகலத்தை மட்டும் கணந்தோறும் மாற்றுவது பிலிமிற்கு எளிய காரியமன்று. படம் எண்களாக மாறிய பின்னரே அது எளிதாயிற்று. 1970களில் இங்கிலாந்தின் குவான்டெல் நிறுவனம், தொலைக்காட்சிப் படத்தை எண்களாக நினைவகத்தில் நிறுத்திவைக்கும் கருவிகளை உருவாக்கியது. 1980களில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் ஏ.டி.ஓ. என்னும் கருவி படத்தைச் சுருக்கவும், நீட்டவும், சுழற்றவும் வல்லதாயிற்று. இத்தகைய கருவிகளை அன்று பெரிய தொலைக்காட்சி நிலையங்களே வாங்க இயன்றது. 1991இல் அடோபி பிரீமியர் மென்பொருள் வெளிவந்தது; 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் இயங்குதளத்துடன் மூவி மேக்கர் வந்தது. நிலையங்களில் மட்டும் இருந்த வித்தை வீட்டு மேசைக்கு இறங்கியது. பிரீமியரின் முந்தைய பதிப்புகளில் நீட்டல் வகைகளுக்கென்றே ஒரு தனித் தொகுப்பு இருந்தது. இன்று கேடென்லைவ், ஷாட்கட் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. கருவி மலிவானதனால் அதனைப் பயன்படுத்தும் ஆசையும் மலிந்துவிட்டது.

ஆனால் வித்தைக்கு வாய்ப்பு இருந்தும் அதனைக் கைவிட்டவர்களும் உண்டு. 1962இல் வெளியான 'லாரன்ஸ் ஆப் அரேபியா'வில் லாரன்ஸ் ஒரு தீக்குச்சியை ஊதி அணைப்பார். உடனே பாலைவனத்தில் சூரியன் உதிக்கும் காட்சி திரையை நிறைக்கும். அந்த இடத்தில் முதலில் திட்டமிட்டது டிசால்வ். தொகுப்பறையில் இரண்டு துண்டுகளையும் வெறுமனே ஒட்டிப் பார்த்தபோது வெட்டே சிறந்து நின்றது, அதனையே வைத்துக்கொண்டனர். அப்படத்தின் தொகுப்பாளர் ஆன் கோட்ஸ் அம்மையார் அதற்காக ஆஸ்கார் பரிசு பெற்றார். முதலில் வெறும் வெட்டாக ஒட்டிப் பார்ப்பது, அது போதவில்லை என்று கண்ட இடத்தில் மட்டும் வேறொன்றைத் தேடுவது என்னும் ஒழுங்கை நாமும் கைக்கொள்ளலாம்.

இனி, நீட்டலை அமைக்கும் முறையைக் காண்போம். மென்பொருளுக்கு மென்பொருள் பொத்தான்களின் பெயர் வேறுபடும். உள்ளே நடக்கும் செய்கை ஒன்றே.

முதலாவது, மிச்சம் வேண்டும். இடைமாற்றம் நடைபெறும் நேரத்தில் இரண்டு துணுக்குகளும் ஒருங்கே திரையில் இருக்கின்றன. ஆகையால் வெட்டிய இடத்திற்கு அப்பாலும் முதல் துணுக்கு சிறிது நீளவேண்டும். வெட்டிய இடத்திற்கு முன்பாகவும் இரண்டாம் துணுக்கில் சிறிது இருக்கவேண்டும். இடைமாற்றம் வெட்டின் நடுவில் அமைந்து 1 நொடி நீடிக்குமானால், இருபுறமும் அரை நொடி மிச்சம் தேவை. பதிவானதை எல்லாம் கடைசிச் சட்டகம் வரையில் பயன்படுத்திவிட்டால் மிச்சத்திற்கு இடமில்லை. அப்போது சில மென்பொருள்கள் கடைசிச் சட்டகத்தையே உறையவைத்து ஒப்பேற்றுகின்றன. நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று சிலையாகி நிற்பார். வேறு சில, துணுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் படத்தின் மொத்த நீளத்தையே குறைத்துவிடும். பின்னணியில் ஓடும் பாட்டுடன் காட்சி ஒத்துப் போகாது. எனவே படம் எடுக்கும்போதே, நிகழ்ச்சி தொடங்குவதற்கு இரண்டு மூன்று நொடி முன்னதாகப் பொத்தானை அழுத்தி, முடிந்த பிறகும் இரண்டு மூன்று நொடி விட்டு நிறுத்துவது நல்ல வழக்கம். நிழற்படங்களுக்கு இத்தொல்லை இல்லை. அவற்றை வேண்டிய மட்டும் நீடிக்கவிடலாம்.

இரண்டாவது, இடம். துணுக்குகளைக் காலக்கோட்டில் அடுத்தடுத்து இடைவெளியின்றி வைத்து, நீட்டல் இடைமாற்றத்தை இழுத்து இணைப்பின்மேல் விடவேண்டும். அதனை வெட்டின் நடுவிலும் வைக்கலாம். வெட்டிலிருந்து தொடங்குமாறும் வைக்கலாம். வெட்டோடு முடியுமாறும் வைக்கலாம். ஒருபக்கத் துணுக்கில் மட்டுமே மிச்சம் இருக்கும்போது பின்னிரண்டு வழிகளும் கைகொடுக்கும்.

மூன்றாவது, நேரம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு நொடிக்கு 25 சட்டகங்கள். கைப்பேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 சட்டகமாகப் பதிகின்றன. நீட்டலுக்கு 12 முதல் 20 சட்டகம் வரை போதுமானது. 2 நொடி என்பது, என் அனுபவத்திற் கண்டவாறு, மிகை.

நான்காவது, திசையும் வகையும். புதிய காட்சி இடமிருந்து விரிவதா, வலமிருந்தா, மேலிருந்தா என்று தேர்ந்துகொள்ளலாம். பழைய காட்சி சுருங்கிக்கொண்டே போவது ஒரு வகை; அது அசையாமல் நிற்க, அதன்மேல் புதிய காட்சி போர்வையைப் போல் விரிந்து மூடுவது மற்றொரு வகை; புதியது அளவுக்கு மேல் அகன்று வந்து தன் அளவில் அடங்க, பழையது மங்கி மறைவது இன்னொரு வகை. இரண்டாம் வகையில் சிதைவது ஒரு காட்சியின் உருவம் மட்டுமே. ஆதலால் முதல் வகையைக் காட்டிலும் அது கண்ணுக்குச் சாந்தமாக இருக்கும்.

ஐந்தாவது, வேகம். விரிவு ஒரே சீராக நடந்தால் எந்திரத்தன்மை தோன்றும். மெல்லத் தொடங்கி, நடுவில் விரைந்து, முடிவில் மெல்ல அடங்குமாறு அமைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. உருவம் மிகுதியாகச் சிதைந்திருக்கும் நடுப்பகுதி விரைவிற் கடந்துவிடுவதால் கண் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

உங்கள் மென்பொருளில் நீட்டல் என்று ஒரு பெயரே இல்லாவிட்டாலும் கவலை வேண்டா. அதனைக் கையாலேயே ஆக்கிக்கொள்ளலாம். புதிய துணுக்கைப் பழையதற்கு மேற்பட்ட வரிசையில், சிறிது முன்னதாகத் தொடங்குமாறு வையுங்கள். அகலமும் உயரமும் சேர்ந்து மாறவேண்டும் என்னும் கட்டினை நீக்குங்கள். துணுக்கின் நிலைப்புள்ளியை எந்த ஓரத்திலிருந்து அது விரியவேண்டுமோ அந்த ஓரத்திற்கு நகர்த்துங்கள். பிறகு, தொடக்கச் சட்டகத்தில் அகலம் சுழியம் என்றும், இருபதாவது சட்டகத்தில் அகலம் நூறு விழுக்காடு என்றும் குறியிடுங்கள். இக்குறிகளைக் கீஃப்ரேம் என்பர். இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்டதை எல்லாம் மென்பொருளே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும்.

அது நிரப்பும் விதத்தையும் சிறிது அறிந்துகொள்வது நலம். இன்று பரவலாக வழங்கும் முழு எச்.டி. படம் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்டது. 20 சட்டகத்தில் ஒரே சீராக விரியும் காட்சி சட்டகத்திற்கு 96 புள்ளி வீதம் வளர்கிறது. சுருங்கும் காட்சி அதே அளவு குறைகிறது. பத்தாவது சட்டகத்தில் இரண்டும் 960 புள்ளி அகலத்தில் நிற்கின்றன. அப்போது 400 புள்ளி அகலமாக இருந்த முகம் 200 புள்ளியாகிறது, உயரமோ குறையவில்லை. பதினெட்டாவது சட்டகத்தில் அதே முகம் 40 புள்ளி அகலமுள்ள ஒரு குச்சி. மனிதக் கண் மரத்தின் அகலம் மாறினாலும் மலையின் அகலம் மாறினாலும் அவ்வளவாகப் பொருட்படுத்தாது. முகத்தின் அளவு சிறிது பிசகினாலும் உடனே கண்டுகொள்ளும். அதுவும் தெரிந்த முகமானால் சொல்லவே வேண்டியதில்லை. அம்மாவின் கேள்விக்கு உரிய விடை இந்தக் கணக்கில்தான் இருந்தது.

ஆகவே முதல் விதி, முகம் திரையை நிறைத்து நிற்கும் இடத்தில் நீட்டலைப் பயன்படுத்தாதீர்கள் என்பது. இரண்டாவது விதி நெருக்கமான கோடுகளைப் பற்றியது. அகலம் சுருங்கும்போது பல புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கவேண்டும். விரியும்போது இல்லாத புள்ளிகளை ஊகித்துப் படைக்கவேண்டும். பட்டுப்புடவையின் சிறு கட்டங்கள், சன்னற் கம்பிகள், ஓட்டுக்கூரை போன்றவை இந்தக் கணக்கில் அகப்பட்டு மினுமினுத்து நெளியும். மூன்றாவது விதி எழுத்தைப் பற்றியது. பெயரையும் ஊரையும் காட்டும் எழுத்துகளைத் தனி வரிசையில் மேலே வையுங்கள். காட்சி நீண்டாலும் எழுத்து நீளாது. நான்காவது, வாட்ஸ்அப் வழியே அனுப்பும் படம் மிகவும் சுருக்கப்பட்டே செல்கிறது என்பதை மறவாதீர்கள். அசைவற்ற காட்சி அந்தச் சுருக்கத்தைத் தாங்கும். கணந்தோறும் முழுத்திரையும் மாறும் நீட்டல் தாங்காது, கட்டங்கட்டமாகச் சிதறும். ஊரில் இருப்பவர்க்குப் படம் அவ்வழியேதான் போகும் என்றால் இடைமாற்றங்களை மேலும் குறைத்துக்கொள்ளுங்கள்.

நீட்டல் என்னும் பெயரால் மயங்கத்தக்க வேறிரண்டு செய்கைகளையும் பிரித்தறிய வேண்டும். ஒன்று, நேரத்தை நீட்டுதல். அது துணுக்கின் வேகத்தைக் குறைத்து அதனை நெடுநேரம் ஓடச் செய்வது. இணைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. மற்றொன்று, திரையை நிரப்புவதற்காகப் படத்தை நிலையாகவே அகட்டிவிடுதல். பழைய வீடியோ நாடாக்களில் உள்ள திருமணப் படங்கள் நான்குக்கு மூன்று என்னும் அளவில் அமைந்தவை. இன்றைய திரையோ பதினாறுக்கு ஒன்பது. இருபுறமும் தெரியும் கறுப்புப் பட்டைகள் பிடிக்காமல் படத்தை அகட்டினால், மணமகளும் மணமகனும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துத் தோன்றுவர். இடைமாற்றத்தின் சிதைவு ஒரு நொடியில் நீங்கும். இந்தச் சிதைவு படம் முடியும் வரை நீங்காது. கறுப்புப் பட்டைகள் இருந்துவிட்டுப் போகட்டும்.

வானொலி நேயர்களாகிய உங்களிடம் ஒலியைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. காட்சியை நீட்டும்போது ஒலி நீள்வதில்லை. அது தன் வழியே செல்கிறது. வெட்டிய இடத்தில் ஒலியும் வெடுக்கென்று அறுந்தால் கண்ணுக்கு முன்பாகக் காதே அதனைக் கண்டுகொள்ளும். ஆதலால் முதல் துணுக்கின் ஒலியைத் தணித்து, அடுத்ததன் ஒலியை உடன் எழுப்பவேண்டும். அடுத்த காட்சியின் ஒலியை அக்காட்சிக்கு அரை நொடி முன்னதாகவே கேட்கவிட்டால் இன்னும் சிறப்பு. கோயில் மணி முதலிற் கேட்கட்டும். கோபுரம் பிறகு தெரியட்டும். பல இடங்களில் இவ்வொலியே இணைப்பை நிறைவேற்றிவிடும். கண்ணுக்கென்று தனியே ஒரு வித்தை தேவைப்படாது.

அப்படியானால் நீட்டலுக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இடம் உண்டு. காட்சிக்குள் ஏற்கெனவே ஓர் ஓட்டம் இருந்து, அந்த ஓட்டத்தின் திசையிலேயே நீட்டலும் சென்றால், அது சிதைவாகத் தோன்றாது. ஓட்டத்தின் தொடர்ச்சியாகவே தோன்றும். ஊசலாடும் குழந்தை, சுழலும் இராட்டினம், ஓடும் வண்டி ஆகியவை இதற்கு ஏற்றவை. தூரத்தையும் பயணத்தையும் ஒரு கணத்தில் உணர்த்தவேண்டிய இடத்தில் நீட்டல் தன் கடமையைச் செம்மையாகச் செய்யும்.

தந்தையாரின் படத்தை நான் மறுபடியும் தொகுத்தேன். நாற்பது நீட்டல்களையும் நீக்கி, எல்லாவற்றையும் முதலில் வெறும் வெட்டாக ஒட்டினேன். ஒவ்வொரு படத்திற்கும் 8 நொடி கொடுத்தேன். திருமணப் படத்திலிருந்து நாங்கள் பிறந்த பிறகு எடுத்த படத்திற்குப் போகும் இடம்போல், ஆண்டுகள் பல கழிந்ததைக் காட்டவேண்டிய நான்கு இடங்களில் மட்டும் டிசால்வ் வைத்தேன். இறுதியில், நினைவு நாளுக்காக நாங்கள் டெல்லியிலிருந்து ஊருக்கு வந்த பயணத்தைச் சேர்த்துக்கொண்டேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸின் சன்னல் வழியே என் மகள் எடுத்திருந்த ஆந்திரத்து வயல்கள் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தன. மாயவரத்திலிருந்து வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது எடுத்த வாய்க்காற்கரை மரங்களும் அதே திசையில் ஓடின. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு நீட்டல் வைத்தேன். வயல்கள் இடப்புறம் ஒடுங்க, வாய்க்கால் வலப்புறமிருந்து விரியுமாறு 16 சட்டகத்தில் அதனை அமைத்தேன். இரண்டு காட்சியிலும் மனித முகம் இல்லை.

அடுத்த பொங்கலுக்குச் சென்றபோது அதே கூடத்தில் அம்மாவுக்கு அதனைப் போட்டுக் காட்டினேன். இம்முறை நிழற்படங்கள் ஒவ்வொன்றுக்கும் அவருக்குச் சொல்ல ஏதோ ஒரு செய்தி இருந்தது. அந்தச் சட்டை எந்தத் தீபாவளிக்கு எடுத்தது, பக்கத்தில் நிற்பவர் யார், அன்று மழை பெய்ததா என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இணைப்புகளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. வயல்கள் ஒடுங்கி வாய்க்கால் விரிந்த இடத்தில் மட்டும், "ஊர் வந்துட்டுது" என்றார்.

படம் முடிந்ததும், இன்னொரு முறை போடச் சொன்னார்.